பந்தைத் தட்டில் நிறுத்தும் மேசை ரோபோ: பூட்டுபவர்கள் கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனி, ஞாயிறு பின்னேரங்களில் அயல் பிள்ளைகளோடு இருந்து இந்த ரோபோவைப் பூட்டி வருகிறேன். மூன்று சேர்வோ மோட்டர் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி அங்கேயே நிற்கும் மோட்டர்), அவற்றின் மேல் ஒரு தட்டு, தட்டில் ஒரு பந்து. பந்து எந்தப் பக்கம் உருண்டாலும் தட்டு சரிந்து அதை நடுவுக்குக் கொண்டுவரும். பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவரும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையும் தொடுதிரைத் தட்டும் உள்ள கிட்டை, அதாவது பூட்டுவதற்கான பாகங்களின் பெட்டியை, மனதில் வைத்துத்தான் பேசுகிறேன். கமரா உள்ள கிட்டுக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

இது எப்படி வேலை செய்கிறது?

அம்மா சுளகில் பயறு கொழிப்பதைப் பாருங்கள். உருண்டை மணிகள் ஒரு பக்கம் ஓடத் தொடங்கியதும் கண் அதைக் காண்கிறது, மணிக்கட்டு அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துகிறது, மணிகள் திரும்புகின்றன. இங்கே கண்ணின் வேலையைத் தொடுதிரை செய்கிறது. மணிக்கட்டின் வேலையை 120 பாகை இடைவெளியில் நிற்கும் மூன்று சேர்வோக்கள் செய்கின்றன. எவ்வளவு உயர்த்துவது என்பதை ஆர்டுயினோவிலுள்ள புரோகிராம் கணக்கிடுகிறது. செக்கனுக்கு 50 தடவை இது நடக்கிறது.

எவ்வளவு நுணுக்கமான வேலை என்று தெரிய ஒரு கணக்குப் போடுவோம். திண்மக் கோளம் சாய்தளத்தில் வழுக்காமல் உருண்டால் அதன் ஆர்முடுகல், அதாவது வேகம் கூடும் வீதம், 5/7 g sin θ என்று வரும் (g புவியீர்ப்பு ஆர்முடுகல், θ சரிவுக் கோணம்). வெறும் 1 பாகை சரிவுக்கு இது செக்கனுக்குச் செக்கன் 12 சென்ரிமீற்றர். நடுவிலிருந்து விளிம்புக்கு 8 சென்ரிமீற்றர் என்றால் பந்து ஒரு செக்கனுக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் கீழே விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத 1 பாகைக்கே இந்தக் கதி. பூட்டும்போது அரை மில்லிமீற்றர் பிழையையும் விடக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

வாங்க முன்னர் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் சேர்வோ. உள்ளே பிளாஸ்ரிக் பற்சில்லு உள்ள எஸ்ஜி90 வகை வேண்டாம். அதே அளவில் உலோகப் பற்சில்லுடன் எம்ஜி90எஸ் இருக்கிறது. தட்டு பெரிதென்றால் எம்ஜி996ஆர். அடுத்தது, சேர்வோக்களைத் தட்டோடு இணைக்கும் கால்களின் மூட்டு. அதைக் கையில் பிடித்து ஆட்டினால் 'டக் டக்' என்று தளர்வு தெரியக்கூடாது. மூட்டில் உள்ள தளர்வை எந்தப் புரோகிராமாலும் திருத்த முடியாது. மூன்றாவது, புரோகிராமின் மூலக்குறியீட்டைத் தருகிறார்களா என்று கேளுங்கள். மூடிய பெட்டியாகத் தந்தால் பிள்ளைக்கு அதில் படிக்க ஒன்றும் இல்லை.

முழுக் கிட்டாக வாங்கினால் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வரும். சேர்வோவோ ஆர்டுயினோவோ பழுதானால் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருக் கடைகளில் தனித்தனியாக எடுக்கலாம். ஆனால் தொடுதிரை உடைந்தால் அதே அளவில் இன்னொன்று தேடுவது பெரும்பாடு. அதைப் பெட்டியிலிருந்து எடுக்கும் நிமிடத்திலிருந்து கண்ணாடிபோல வைத்திருங்கள்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் எதைப் பூட்டுவது?

எதையும் பூட்ட வேண்டாம். முதலில் மூன்று சேர்வோவையும் நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

சேர்வோவுக்கு 20 மில்லி செக்கனுக்கு ஒருமுறை ஒரு துடிப்பு போகிறது. அது 1500 மைக்கிரோ செக்கன் நீளமாக இருந்தால் அச்சு நடுவில் நிற்கும். 1000 என்றால் ஒரு பக்கம், 2000 என்றால் மறுபக்கம். புதுச் சேர்வோவின் அச்சு தொழிற்சாலையிலிருந்து எந்தக் கோணத்திலும் வந்திருக்கலாம். அதைப் பார்க்காமல் சேர்வோவின் கையை (அச்சில் மாட்டும் சிறு துண்டு) மாட்டி, காலைப் பூட்டி, தட்டையும் வைத்துவிட்டுக் கரண்டைக் கொடுத்தால், சேர்வோ நடுநிலையைத் தேடித் திரும்பும். வழியில் தட்டு தடுக்கும். அது விடாமல் தள்ளும். நான் முதன்முதலில் பூட்டிய கிட்டில் இப்படித்தான் ஒரு சேர்வோவின் பற்சில்லு உடைந்தது. கிட்டோடு வந்த வழிகாட்டித் தாளில் இந்தப் படி 14ஆவது இடத்தில் இருந்தது. 1ஆவது இடத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஆகவே வெறும் சேர்வோவை மட்டும் பலகையில் இணைத்து, 1500 அனுப்பும் சிறு புரோகிராமை ஓட்டி, அது நின்ற பிறகு, கரண்ட் இருக்கும்போதே சேர்வோவின் கையை அச்சில் மாட்டுங்கள். கை நிலத்துக்குச் சமாந்தரமாக இருக்கவேண்டும். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இப்படிச் செய்யுங்கள்.

கை சரியாகச் சமாந்தரமாக வரவில்லை. ஒரு பல் தள்ளினால் மேலே போகிறது, ஒரு பல் இழுத்தால் கீழே வருகிறது. சேர்வோ பிழையா?

இல்லை, எல்லாச் சேர்வோவும் இப்படித்தான். அச்சில் 25 பல் இருந்தால் ஒரு பல்லுக்கு 14.4 பாகை. அதிகபட்சம் அரைப் பல், அதாவது 7.2 பாகை விலகி நிற்கும். கிட்ட வரும் பல்லில் மாட்டிவிட்டு மிச்சத்தைப் புரோகிராமில் சரிசெய்யுங்கள். 1000 மைக்கிரோ செக்கனுக்குச் சுமார் 90 பாகை திரும்பும் சேர்வோவில் 7.2 பாகை என்பது 80 மைக்கிரோ செக்கன். அந்தச் சேர்வோவுக்கு 1500க்குப் பதில் 1580 அல்லது 1420 என்று எழுதவேண்டியதுதான். மூன்று சேர்வோவுக்கும் மூன்று எண் வரும். அவற்றைப் பென்சிலால் அடித்தட்டின் கீழேயே எழுதி வையுங்கள். அடுத்த தடவை கழற்றிப் பூட்டும்போது தேடவேண்டி வராது.

அக்ரிலிக் துண்டுகளில் ஒட்டியிருக்கும் தாளைக் கழற்ற வேண்டுமா?

ஆம், இரண்டு பக்கமும். தாளோடு பூட்டினால் ஸ்குரூ முதலில் இறுகும், பிறகு தாள் நசிந்து தளரும். கழலவில்லை என்றால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வையுங்கள். தின்னர், ஸ்பிரிற்று எதுவும் வேண்டாம், அக்ரிலிக்கில் மயிர்க்கோடாக வெடிப்பு விழும். ஸ்குரூ கழலாமல் இருக்கத் தடவும் பசையும் அப்படித்தான். அதற்குப் பதில் நைலோன் வளையம் உள்ள நட்டு வாங்கிப் போடுங்கள். விரலால் இறுகிய பிறகு ஸ்குரூ ட்ரைவரால் கால் சுற்றுக் காணும்.

லப்டொப்பின் யூஎஸ்பியில் கொடுத்தால் பலகை அடிக்கடி நின்று நின்று தொடங்குகிறது. ஏன்?

சேர்வோக்கள் பலகையின் வாயிலிருந்து சோற்றைப் பறிக்கின்றன. சாதாரண யூஎஸ்பி வாயில் 500 மில்லி அம்பியர்தான் தரும். எம்ஜி90எஸ் ஒன்று தடைப்பட்டு நின்று தள்ளும்போது அது மட்டுமே முக்கால் அம்பியர் அளவுக்கு இழுக்கும். எம்ஜி996ஆர் என்றால் ஒன்றுக்கு இரண்டரை அம்பியர். மூன்றும் சேர்ந்து அசையும் கணத்தில் மின்னழுத்தம் இறங்கி, ஆர்டுயினோ மயங்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. புரோகிராமில் பிழை என்று இரவிரவாகத் தேடிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். பிழை வயரில் இருந்தது.

சேர்வோக்களுக்குத் தனி அடப்டர் வையுங்கள். 5 வோல்ற்று. சின்ன சேர்வோ மூன்றுக்கு 3 அம்பியர் காணும், பெரியது மூன்றுக்கு 8 அம்பியர் ஆவது வேண்டும். ஆர்டுயினோ யூஎஸ்பியிலேயே இருக்கட்டும். ஆனால் இரண்டின் கறுப்பு வயரையும், அதாவது தரையை, கட்டாயம் ஒன்றோடொன்று இணைக்கவேண்டும். இல்லாவிட்டால் ஆர்டுயினோ அனுப்பும் துடிப்பு சேர்வோவுக்கு விளங்காது, அது கண்டபடி துள்ளும். சேர்வோக்களுக்குப் பக்கத்தில் 1000 மைக்கிரோ பரட்டு கொள்ளளவி (மின்னைச் சேர்த்து வைக்கும் பாகம்) ஒன்றைக் குறுக்கே போட்டால் திடீர் இழுவையை அது தாங்கும். கொள்ளளவியின் உடலில் கோடு போட்டிருக்கும் பக்கம் மறை முனை. அது கறுப்பு வயருக்கு. மாற்றிப் போட்டால் வெடிக்கும், ஆகையால் பெரியவர் ஒருவர் பார்த்த பிறகே கரண்டைக் கொடுங்கள்.

ஊசிபோல மெல்லிய இணைப்பு வயர்களில் சேர்வோவுக்குக் கரண்ட் கொடுக்கவேண்டாம். சமிக்ஞைக்கு மட்டும் அவை போதும்.

பற்றரியில் ஓட்டலாமா? எங்கள் பக்கம் கரண்ட் போய்ப் போய் வருகிறது.

ஓட்டலாம். 18650 பற்றரி இரண்டைத் தொடராக இணைத்தால் முழுச் சார்ச்சில் 8.4 வோல்ற்று வரும். அதை நேரே கொடுத்தால் இந்தச் சேர்வோக்கள் கருகும், இடையில் 5 வோல்ற்றுக்கு இறக்கும் சிறு பலகை வேண்டும். அடப்டரில் ஓட்டும்போது கரண்ட் போனால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், வந்து இரண்டு மூன்று நிமிடத்துக்குப் பிறகு மாட்டுங்கள்.

கிட்டோடு வந்த உருக்குப் பந்து துலைந்துவிட்டது. டேபிள் டெனிஸ் பந்து போடலாமா?

தொடுதிரைத் தட்டு என்றால் முடியாது. அந்தத் திரை இரண்டு மெல்லிய படைகள் ஒன்றையொன்று தொடும்போதுதான் இடத்தைச் சொல்லும். அழுத்த நிறை வேண்டும். டேபிள் டெனிஸ் பந்து 2.7 கிராம்தான், திரைக்கு அது இருப்பதே தெரியாது. கண்ணாடி மாபிள் ஏறக்குறைய 5 கிராம், அதுவும் காணாது. 25 மில்லிமீற்றர் உருக்குக் குண்டு 64 கிராம், அது நன்றாக வேலை செய்யும். 20 மில்லிமீற்றர் என்றால் 33 கிராம், அதையும் பல திரைகள் உணரும். வாகனத் திருத்தகங்களில் கழித்துப்போட்ட பெரிய பெயரிங்குகளில் இப்படிக் குண்டு கிடைக்கும். கிறீஸைத் துடைத்து, துருவோ கீறலோ இல்லாததாகப் பார்த்து எடுங்கள்.

நிறை கூடிய பந்து வேகமாக உருளுமே என்று ஒரு பிள்ளை கேட்டாள். உருளாது. அந்த 5/7 கணக்கில் நிறையும் இல்லை, ஆரையும் இல்லை. ஆனால் உள்ளே வெறுமையான பந்துக்குச் சடத்துவத் திருப்பம், அதாவது சுழற்றும்போது காட்டும் எதிர்ப்பு, கூடுதல். அதனால் 5/7 என்பது 3/5 ஆகக் குறைந்து, பந்து கொஞ்சம் ஆறுதலாக உருளும்.

கரண்டைக் கொடுத்ததும் தட்டு பந்தை விரட்டித் தள்ளுகிறது. நடுவுக்கு வரவே இல்லை.

திசை மாறியிருக்கிறது. பந்தை விரலால் ஒரு விளிம்பில் பிடித்துக்கொண்டு தட்டைப் பாருங்கள். பந்து இருக்கும் பக்கம் உயரவேண்டும். தாழ்ந்தால் அந்த அச்சின் குறியை மாற்றுங்கள், சக (+) குறியைச் சய (−) ஆக்கினால் காணும். பந்து கிழக்கே இருக்க வடக்குப் பக்கம் உயர்ந்தால் தொடுதிரையின் இரண்டு அச்சு வயர்களும் மாறிக்கிடக்கின்றன. நான்கு விளிம்பிலும் இந்தச் சோதனையைச் செய்து முடிக்காமல் வேறு எந்த எண்ணிலும் கைவைக்க வேண்டாம்.

புரோகிராமில் பி, ஐ, டி என்று மூன்று எண்கள் இருக்கின்றன. எதை எவ்வளவு வைப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளோடு இதைப் பேசும்போது நேரம் போவதே தெரிவதில்லை.

நடுவிலிருந்து பந்து எவ்வளவு தூரம் என்பதை வழு என்று வைத்துக்கொள்வோம். பி என்பது வழுவின் அளவுக்கேற்பத் தட்டைச் சரிப்பது. மற்ற இரண்டையும் பூச்சியமாக்கிவிட்டு பியை மட்டும் மெதுவாகக் கூட்டுங்கள். பந்து நடுவை நோக்கி வரும், நடுவைத் தாண்டும், மறுபக்கம் போகும், திரும்பி வரும். நிற்காது. பியைக் குறைத்தாலும் நிற்காது, ஆறுதலாக ஆடும், அவ்வளவுதான். ஏன்? தட்டின் சரிவு பந்துக்குக் கொடுப்பது வேகத்தை அல்ல, ஆர்முடுகலை. வழுவுக்கு விகிதசமமாக நடுவை நோக்கிய ஆர்முடுகல் என்றால் அது எளிமை இசை இயக்கம். புத்தகத்தில் ஊசலுக்கும் வில்லுக்கும் படித்தது இங்கே தட்டில் ஓடுகிறது. இலட்சிய ஊசல் எப்படித் தானாக நிற்காதோ, அப்படித்தான் இதுவும். உண்மையில் சேர்வோவும் திரையும் கொஞ்சம் தாமதிப்பதால் ஆட்டம் வரவரக் கூடும்.

ஆட்டத்தை அடக்க டி வேண்டும். டி பந்தின் வேகத்தைப் பார்க்கிறது. பந்து நடுவை நோக்கி வேகமாக வந்துகொண்டிருந்தால், அது நடுவை அடைய முதலே தட்டை எதிர்ப்பக்கம் கொஞ்சம் சரித்துப் பிரேக் பிடிக்கிறது. டியைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போக, ஐந்து தடவை ஆடிய பந்து மூன்று தடவை ஆடும், பிறகு ஒரே தடவையில் வந்து நிற்கும். அந்தக் கணத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவேண்டும். டியைக் கூட்டும் வேலையை எப்போதும் பிள்ளைக்கே விடுங்கள், பெரியவர்கள் செய்து கொடுக்கவேண்டாம்.

பந்து நிற்கிறது, ஆனால் நடுவிலிருந்து ஒன்றரைச் சென்ரிமீற்றர் தள்ளி நிற்கிறது என்றால் அப்போதுதான் ஐ. தீராமல் கிடக்கும் வழுவை அது சேர்த்துச் சேர்த்து வைத்து, மெல்லமெல்லத் தட்டைத் திருத்துகிறது. மிகச் சிறிய எண் காணும். சேர்ந்து வரும் தொகைக்குப் புரோகிராமில் ஒரு மேல் எல்லை வையுங்கள். பந்தைக் கையில் எடுத்தால் அந்தத் தொகையைப் பூச்சியமாக்கவும் எழுதுங்கள். இல்லாவிட்டால் பந்தை மறுபடி வைத்ததும் தட்டு ஒரே பக்கமாகச் சரிந்து அதை எறியும்.

வழுவையும் அதன் சேர்ந்த தொகையையும் மாறும் வீதத்தையும் பார்ப்பது கடலில் பிறந்த யோசனை. ரஷ்யாவில் பிறந்த நிக்கொலஸ் மினோர்ஸ்கி என்ற பொறியியலாளர், கப்பலைத் தானாகத் திசைதிருப்புவது பற்றிய ஆய்வில் 1922இல் இதைக் கணிதமாக எழுதினார். சுக்கான் பிடிப்பவர்கள் கப்பல் எவ்வளவு விலகியிருக்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்றும் பார்த்துத்தான் சுக்கானைத் திருப்புகிறார்கள். குருநகரிலோ மயிலிட்டியிலோ வள்ளம் ஓட்டுபவரிடம் கேட்டுப் பாருங்கள். கப்பல் திரும்பி முடியக் காத்திருக்காமல் முதலே சுக்கானை எதிர்ப்பக்கம் கொடுப்பதை அவர் கையாலேயே காட்டுவார். அதுதான் டி.

என் கிட்டுக்குச் சரியான எண்களைத் தர முடியுமா?

முடியாது. பந்து, காலின் நீளம், சேர்வோவின் வேகம் எல்லாவற்றையும் பொறுத்து அவை மாறும். ஒரே பெட்டியில் வந்த இரண்டு கிட்டுக்கும் நாங்கள் வேறுவேறு எண்கள்தான் வைத்திருக்கிறோம்.

பந்து நிற்கிறது, ஆனால் தட்டு நடுங்கிக்கொண்டே இருக்கிறது.

டி கூடிவிட்டது, அல்லது திரையின் வாசிப்பு துள்ளுகிறது. பந்து அசையாமல் இருக்கும்போதே வாசிப்பு 512, 515, 510 என்று மாறினால் டி அதை வேகம் என்று நம்பிச் சேர்வோவை ஆட்டும். ஒவ்வொரு தடவையும் ஐந்து வாசிப்பு எடுத்து, வரிசைப்படுத்தி, நடுவிலுள்ளதை மட்டும் பாவியுங்கள். பெரும்பாலும் அதோடு அடங்கும்.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரிவதில்லை. பார்ப்பதற்காக ஒவ்வொரு சுற்றிலும் எண்களைக் கணினித் திரைக்கு அனுப்புவோம். அனுப்பும் வேகத்தை 9600 என்று விட்டிருந்தால் செக்கனுக்கு 960 எழுத்துத்தான் போகும். ஒரு வரியில் 20 எழுத்து என்றால் அதற்கே 20 மில்லி செக்கன் போய்விடும். ரோபோ கண்ணை மூடிக்கொண்டு ஓடுவது போல. 115200க்கு மாற்றுங்கள், அல்லது பத்துச் சுற்றுக்கு ஒருமுறை அனுப்புங்கள்.

மேசையில் நன்றாக நின்றது. விறாந்தை நிலத்தில் வைத்தால் ஒரே பக்கமாக ஓடுகிறது.

விறாந்தையில் மழைத்தண்ணீர் முற்றத்துக்கு ஓட மேசன்மார் நிலத்துக்கு வாட்டம் வைத்திருப்பார்கள். அந்த வாட்டம் பந்துக்குத் தெரிகிறது. நீர்மட்டம் வைத்து அடித்தட்டின் கீழே மடித்த தாளைச் செருகுங்கள். ஐயும் அதைத் திருத்தும். ஆனால் சமமான இடத்தில் டியைச் சரிசெய்துவிட்டு, பிறகு ஐயை நம்புவதே நல்லது.

கமரா உள்ள கிட்டில் பகலில் ஓடுகிறது, இரவில் ஓடவில்லை.

வெளிச்சம் குறைந்தால் பல கமராக்கள் தாமாகவே ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுக்கும். செக்கனுக்கு 30 படம் என்பது 15 ஆகவோ 10 ஆகவோ இறங்கும். பந்து எங்கே என்று தெரிய முதலே அது வேறு இடத்துக்குப் போய்விடும். தானியங்கி வெளிச்ச அமைப்பை நிறுத்திவிட்டு ஒரு நல்ல மேசை விளக்கை வையுங்கள். கறுப்புத் தட்டில் செம்மஞ்சள் பந்து வடிவாகத் தெரியும். யன்னல் வெயில் தட்டில் பட்டுப் பளபளத்தால் அதையும் பந்து என்று எடுக்கும், திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். கமராவுக்கு நிறை தேவையில்லை, டேபிள் டெனிஸ் பந்து தாராளமாகப் போடலாம். ஃபான் காற்று மட்டும் அதைத் தள்ளும்.

எத்தனை வயதுப் பிள்ளைக்கு ஏற்றது?

பத்து வயதுப் பிள்ளை பெரியவர் ஒருவரோடு இருந்து பூட்டலாம். புரோகிராமை வாசித்து மாற்ற சாதாரண தர வகுப்பு வயது பொருத்தம். பரீட்சைப் புள்ளிக்காக வாங்கவேண்டாம், அதற்குக் கடந்தகால வினாத்தாள்கள் இருக்கின்றன. ஆர்முடுகல் என்ற சொல்லைக் கையால் தொட்டுப் பார்க்கட்டும் என்று நினைத்தால் வாங்குங்கள்.

பாவிக்காதபோது எங்கே வைப்பது?

வீட்டுக்குள், துணியால் மூடி. முப்பரிமாண அச்சில் வார்த்த பிஎல்ஏ என்ற பிளாஸ்ரிக் பாகங்கள் 60 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய வாகனத்துக்குள் விட்டுப்போனால் கால்கள் வளைந்துவிடும். கடற்கரைக்குக் கிட்ட இருப்பவர்கள் உருக்குப் பந்தில் துளி தையல் மெசின் எண்ணெய் தடவி வையுங்கள், பாவிக்க முன்னர் துடைத்துவிடுங்கள்.

நடுவில் நிற்கப் பழகிவிட்டது. அடுத்து என்ன செய்யலாம்?

வட்டம் போட வையுங்கள். இலக்கு நடுப்புள்ளி என்று இருப்பதை, நேரத்தோடு நகரும் புள்ளியாக மாற்றவேண்டும். சைன், கோசைன் இரண்டு வரி. 3 சென்ரிமீற்றர் ஆரையில் 4 செக்கனுக்கு ஒரு சுற்று என்று தொடங்குங்கள். அதற்குத் தட்டு 0.6 பாகை சரிந்தால் காணும். 2 செக்கனுக்கு ஒரு சுற்று என்றால் சரிவு நான்கு மடங்கு, 2.4 பாகை. 1 செக்கன் என்றால் ஏறக்குறைய 10 பாகை, சின்னக் கிட்டுகளின் கால் அவ்வளவுக்கு எட்டாது. பந்து இலக்குக்குப் பின்னால் கொஞ்சம் பிந்தி ஓடுவதையும் காண்பீர்கள். எங்கள் விறாந்தையில் இப்போது 2 செக்கன் வட்டத்தில் நிற்கிறோம். பந்து எட்டுப் போடும் புரோகிராமை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.